திரையை இந்தப் பக்கம் திருப்புங்கள்

அரசு இணையதளம் எதையாவது திறந்து, கீழே கடைசி வரிக்குப் போய்ப் பாருங்கள். ‘உதவி’ என்று ஒரு சுட்டி இருக்கும். முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பழைய அரசாணைகளைத் தேடி இப்படிப்பட்ட தளங்களில் பல இரவுகளைக் கழித்தவள் நான். அந்தச் சுட்டியைச் சொடுக்கினால் பெரும்பாலும் ஒரே மாதிரி அட்டவணைதான் வரும். பிடிஎஃப் கோப்பைத் திறக்க ஒரு மென்பொருள், வேர்டு கோப்புக்கு ஒன்று, எக்செல் கோப்புக்கு ஒன்று. சில தளங்கள் இன்னமும் ஃபிளாஷ் பிளேயரைத் தரவிறக்கச் சொல்கின்றன. அதைத் தயாரித்த நிறுவனமே 2020 டிசம்பரோடு அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான்களின் பட்டியலில் ‘விண்டோ ஐஸ்’ என்ற பெயர் இருக்கும். அதன் விற்பனை நின்றது 2017-ல்.

அரசு இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2009-லேயே நெறிமுறைகள் வந்துவிட்டன. 2023-ல் அதன் மூன்றாம் பதிப்பும் வந்தது. அந்த நெறிமுறைகளைப் பின்பற்றியதாகக் கணக்குக் காட்டத்தான் பல தளங்களில் இந்த உதவிப் பக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் ஒருமுறை எழுதினார், மற்றவர்கள் எடுத்து ஒட்டினார்கள், அதன்பின் யாரும் திறந்து பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்தை எழுதியவரின் மனதில் ஒரு ‘வருகையாளர்’ இருக்கிறார். அவரிடம் கணினி இருக்கிறது, மேசை இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. ஒரு மென்பொருள் மட்டும்தான் குறைகிறது. அதைக் கொடுத்துவிட்டால் உதவி முடிந்தது. இந்த வருகையாளரை நான் எங்கள் காலனியில் பார்த்ததே இல்லை. நான் பார்த்த வருகையாளர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

‘கம்யூனிட்டி என்னங்க்கா?’

அவிநாசியில் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு அக்கா. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனியில் செக்கிங். கணவர் சாயப்பட்டறைக்குப் போகிறார். அருந்ததியர் குடும்பம். வீட்டுக்காரருக்கு அது தெரியாது. தெரிந்தால் அந்த வீடு கிடைத்திருக்காது. திருப்பூர் வட்டாரத்தில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. “நீங்க எந்த ஊருங்க?” என்று ஆரம்பித்து, “அங்க யாரு வீடுங்க?” என்று தொடர்ந்து, கடைசியில் “நீங்க என்ன ஆளுங்க?” என்ற இடத்துக்கு வந்து சேரும் அந்தப் பேச்சு நமக்கு மனப்பாடம். அக்கா அதில் ஏதோ சொல்லித் தப்பித்திருந்தார்.

மகள் பிளஸ் டூ முடித்துச் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். பழைய சாதிச் சான்றிதழ் அட்டை கையால் எழுதியது. புதிதாக இணையவழிச் சான்றிதழ் எடுத்து அதன் எண்ணைக் கொடுக்க வேண்டும். வருமானச் சான்றும் வேண்டும். அக்கா ஒரு ஷிப்ட் லீவு போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு தெருமுனையிலிருந்த பிரௌசிங் சென்டருக்குப் போனார். கடைக்காரர் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை. கடையில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் தட்டிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கடைக்காரர் சத்தமாகக் கேட்டார்.

“கம்யூனிட்டி என்னங்க்கா?”

அக்கா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். “அட்டைய வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டனுங்க. எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். பிறகு அந்தக் கடைக்குப் போகவே இல்லை. வேறு கடைக்குப் போக இன்னொரு ஷிப்ட் லீவு வேண்டும். அப்படி இப்படி என்று தேதி போய்விட்டது. அந்த வருடத்துக் கல்லூரிக் கட்டணம் குழுக் கடனில் கட்டப்பட்டது. வாராவாரம் தவணை.

கடைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்பக் கேட்டார். அவ்வளவுதான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அரசு தன்னுடைய கேள்வியை, அதுவும் ஒரு குடும்பத்தின் வாடகை வீட்டையே பறிக்கக்கூடிய கேள்வியை, தெருமுனைக் கடைக்காரரின் வாயில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

‘இந்தக் காலத்தில் இதற்கெல்லாமா பயப்படுவார்கள்?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2018 ஜூலையில், இதே அவிநாசி வட்டத்தில், சேவூர் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை மறித்துப் போராடினார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம் அந்தச் சமையலரை இடம் மாற்றியது. நம் இயக்கங்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. சோற்றுப் பானைக்குச் சாதி பார்க்கிற வட்டத்தில், நாலு பேர் நடுவில் சாதியைச் சொல் என்கிறது இணையதளம்.

ஏழு பெயர்கள், பத்து நிமிடம்

சாதியைச் சொல்லிவிட்டால் மட்டும் வேலை முடிகிறதா? 2009-ல் தமிழ்நாடு அரசு அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஆதி ஆந்திரர், அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி என ஏழு பெயர்கள் அதில் வருகின்றன. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னது. நீண்ட போராட்டத்தில் கிடைத்த வெற்றி. அந்த வெற்றி ஒரு மாணவிக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், கணினியில் கீழே விழும் பட்டியலில் சரியான பெயர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அப்பாவின் சான்றிதழில் ஒரு பெயர், சித்தப்பாவின் சான்றிதழில் இன்னொரு பெயர் இருப்பது சாதாரணம். அன்றைக்கு எழுதியவரின் வாய்க்கு வந்தது அது. கடைக்காரருக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. அவருக்கு எல்லாம் ‘எஸ்சி’தான். ஒரு பெயரை மாற்றிச் சொடுக்கினால் ஒன்று நிராகரிப்பு வரும், அல்லது அந்தப் பிள்ளை 3 சதவீதத்துக்கு வெளியே போய்விடுவாள். அவள் அதை அறிய வழியில்லை. ஏனென்றால் திரை கடைக்காரருக்கு நேராக இருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரிவது திரையின் முதுகும் நாலு ஒயர்களும்தான்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா, நடுவில் புள்ளி உண்டா என்பதில் ஆதாருக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் ஒற்றுமை இல்லை. குடும்பப் பெயர் இல்லாமல், சாதிப் பெயரைப் பெயரோடு ஒட்டாமல் வாழ்வதைத் தமிழ்நாடு பெருமையாகச் சொல்கிறது. அந்தப் பெருமைக்கு ‘பெயர் பொருந்தவில்லை’ என்று பதில் சொல்கிறது மென்பொருள்.

பிறகு ஓடிபி. ஆதார் ஓடிபிக்கு ஆயுள் பத்து நிமிடம். மகள் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆதாரில் இணைத்திருக்கும் எண் அம்மாவுடையது. அம்மா செக்கிங் டேபிளில் நிற்கிறார். லைனில் போன் கூடாது என்பது அந்தக் கம்பெனி விதி. போன் பைக்குள், பை மாடிப்படிக்குக் கீழே. டீ டயத்தில் அம்மா எடுத்துப் பார்க்கும்போது மூன்று ஓடிபி வந்து மூன்றும் செத்துப்போயிருக்கும். ஸ்பின்னிங் மில் விடுதியில் இருக்கும் பிள்ளைகளின் கதை இதைவிட மோசம். சாயப்பட்டறையில் இருக்கும் அப்பாவுக்கு விரல் ரேகையும் ஒழுங்காக விழுவதில்லை. ரசாயனம் தின்ற விரல்கள். எந்தத் தொழில் ரேகையைத் தேய்க்கிறது, அந்தத் தொழிலில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் இந்தத் ‘தொழில்நுட்பக் கோளாறு’ யார் தலையில் விடிகிறது என்பது தெரியும்.

பேனா யாரிடம் இருந்தது?

இது புதிய கதை இல்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையின் பேரில்தான் 1892 செப்டம்பர் 30 அன்று பஞ்சமி நிலங்களுக்கான அரசாணை பிறந்தது. அந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு உறைத்த ஒரு விஷயம் உண்டு. தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனுப் போடும் வழி அதற்கு முன்பே இருந்தது. காகிதத்தில் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் மிராசுதாருக்கு முன்னுரிமை. பறையர் ஒருவர் மனுப் போட்டால், மிராசுதார் குறுக்கே வந்து தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மனு போகும் வழியில் உட்கார்ந்திருந்த கிராம அதிகாரிகளும் ஊர்க்காரர்கள்தான்.

அந்தக் கிராம அதிகாரம் நீண்ட காலம் உயிரோடு இருந்தது. பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது 1980-ல். உச்ச நீதிமன்றம் அதை 1982-ல் ஏற்றது. ஒரு தெருவின் கணக்கு இன்னொரு தெருவின் வீட்டுத் திண்ணையில் இருந்த காலம் அதோடு முடியும் என்று நம்பினோம். கிராம நிர்வாக அலுவலர் தேர்வு எழுதி நம் பிள்ளைகளும் அந்த நாற்காலிக்குப் போனார்கள். அது பெரிய மாற்றம்.

இணையதளம் வந்ததும் ஒரு நல்லது நடந்தது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நான் பள்ளியில் படித்தபோது என் சாதிச் சான்றிதழுக்காக அப்பா மூன்று நாள் ஒரு அலுவலகத்துக்கு நடந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரை ‘சாமி’ என்று கூப்பிட்டு, “நாளைக்கு வா” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தார். இன்றைக்கு மனு எந்த மேசையில் நிற்கிறது என்பதை எண்ணை வைத்துப் பார்க்கலாம். அதற்காக யாரையும் ‘சாமி’ என்று கூப்பிட வேண்டியதில்லை. எனவே ‘பழைய காகிதக் காலமே நல்லது’ என்ற பாட்டை நான் பாட மாட்டேன். அந்தக் காலம் யாருக்கு நன்றாக இருந்தது என்று நமக்குத் தெரியும்.

நான் கேட்பது வேறு. கர்ணத்தின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிய அரசு, அதைக் கொண்டுவந்து யாருடைய கையில் கொடுத்திருக்கிறது?

முதலில் கடைக்காரரின் கையில். சான்றிதழுக்கு அரசு இ-சேவை மையத்தில் வாங்கும் கட்டணம் 60 ரூபாய். தனியார் கடையில் ‘வேலை கொஞ்சம் ஜாஸ்திங்க’ என்று அது எவ்வளவாக ஆகும் என்பது உங்கள் முகத்தைப் பார்த்து முடிவாகிறது. எங்கள் காலனியில் பாதிப் பேருக்குத் தங்கள் கடவுச்சொல் தெரியாது. அது கடைக்காரரின் டைரியில் இருக்கிறது. சிலருக்குப் பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியே கடைக்காரருடையது.

அடுத்து என் கையில். இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிப் படிப்பகத்தில் மடிக்கணினியோடு உட்கார்கிறேன். உதவித்தொகை, முதல் பட்டதாரிச் சான்று, பிஎஃப் கணக்கு, நலவாரியப் பதிவு என்று வருகிறார்கள். ஒரு கட்டத்தில் என் நோட்டிலும் நாற்பது பேரின் கடவுச்சொற்கள் சேர்ந்துவிட்டன. சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்ட அத்தை ஒருவர் ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு, “நீங்க ஃப்ரீயா இருந்தா இதக் கொஞ்சம் பாக்கறீங்களா?” என்று கேட்டார். என்னை அவர் ‘நீங்க’ என்று சொன்னது அன்றுதான் முதல்முறை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தெருவுக்குள்ளேயே ஒரு கணக்குப்பிள்ளையை அரசு என் உருவத்தில் உண்டாக்கிவிட்டது.

முதலாளி தானாகவா செய்கிறார்?

இந்த இடத்தில் ஒரு பதில் எப்போதும் வரும். ‘எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ரீல்ஸ் பார்க்கத் தெரிகிறது, விண்ணப்பம் போடத் தெரியாதா? கற்றுக்கொள்ள வேண்டியதுதானே!’

சரி, ஒரு கேள்வி. திருப்பூர் ஏற்றுமதி முதலாளி ஜிஎஸ்டி கணக்கைத் தானே உட்கார்ந்து தாக்கல் செய்கிறாரா? ஆடிட்டர் செய்கிறார். ஆடிட்டர் அலுவலகத்தில் பிகாம் முடித்த நாலு பேர் செய்கிறார்கள். இணையதளம் முடங்கினால் சங்கம் மனுக் கொடுக்கிறது, அமைச்சரைப் பார்க்கிறது, கடைசித் தேதி தள்ளிப்போகிறது. அவர் கற்றுக்கொள்ளாத சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. அரசின் இணையதளத்தை யாரும் தனியாகப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் உண்மை. வசதியுள்ளவர் உதவியைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறார். வசதியற்றவர் அதைத் தயவாகக் கேட்டு வாங்குகிறார். தயவு எங்கே இருக்கிறதோ அங்கே சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உலகம் முழுக்க இதே பாதைதான். பிரிட்டனில் மாரடைப்பு வந்த ஒரு தச்சர், உதவித்தொகைக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அலைந்து நொறுங்குவதைக் கென் லோச் 2016-ல் ‘ஐ, டேனியல் பிளேக்’ என்ற படமாக எடுத்தார். வறுமை குறித்த ஐ.நா. சிறப்புத் தூதர் பிலிப் ஆல்ஸ்டன் 2019-ல் டிஜிட்டல் நலத்திட்டங்கள் ஏழைகளைக் கண்காணிக்கவும் வெளியே தள்ளவும் பயன்படுவதாக எச்சரித்தார். அதற்கு முன்பே, 2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் இறந்தாள் என்றார் அம்மா. மலேரியா என்றது அரசு.

நம் மாநிலத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று ஆறுதல்படலாம். உண்மைதான். இந்த அரசு இயந்திரத்துக்கு மக்களின் வாசலுக்கு வரத் தெரியும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2023-ல் மகளிர் உரிமைத்தொகைக்கு ‘இணையத்தில் விண்ணப்பித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு யாரும் போகவில்லை. வீட்டுக்கே படிவமும் டோக்கனும் வந்தன. முகாம்களில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குக்குப் பணம் போனது. 2025-ல் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் ஊர் ஊராக நடந்தன. முகாம் போட வேண்டியிருக்கிறது என்பதே, இணையதளம் மட்டும் போதாது என்று அரசே கொடுத்த வாக்குமூலம்தான். ஆனால் முகாம் திருவிழா மாதிரி. பந்தலைப் பிரித்ததும் நாம் மறுபடி தெருமுனைக் கடைக்கே போகிறோம். ஓட்டுக்குக் கணக்கில் வரும் திட்டத்துக்குக் கிடைக்கும் உதவி, பட்டியல் சாதி மாணவரின் உதவித்தொகைக்கு மட்டும் ஏன் ஒரு அட்டவணையோடு நின்றுவிடுகிறது?

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை போஸ்ட் மெட்ரிக் திட்டத்தை மாற்றியமைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 59,000 கோடி ரூபாய் என்றார்கள், அதில் 60 சதவீதம் ஒன்றிய அரசின் பங்கு. விண்ணப்பம், சாதிச் சரிபார்ப்பு, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் இணையதளத்திலேயே நடக்கும் என்றார்கள். பணம் நேரே மாணவரின் கணக்குக்கு வரும். நடுவில் கல்லூரி முதலாளி விழுங்க முடியாது. நல்ல நோக்கம்தான். ஆனால் பணத்தின் பாதையில் இடைத்தரகரை ஒழித்தவர்கள், விண்ணப்பத்தின் பாதையில் புதிய இடைத்தரகர் முளைத்ததைப் பார்க்கவில்லை.

வாசித்துக் காட்டு, நகல் கொடு

உதவி என்பது தயவா, கடமையா? சட்டம் இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-ஐப் படித்துப் பாருங்கள். எழுத்தில் மனுக் கொடுக்க முடியாத ஒருவர் வாயால் கேட்டால், அதை எழுத்தில் கொண்டுவர நியாயமான எல்லா உதவியையும் செய்ய வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 4(2), 2015 திருத்தத்தில் வந்தது. பாதிக்கப்பட்டவர் வாயால் சொன்ன புகாரை எழுதிக்கொண்ட காவல் அதிகாரி, கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் அதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உடனே நகலும் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே செய்யத் தவறினால் அது குற்றம்.

வாசித்துக் காட்டு, நகல் கொடு. இந்த இரண்டு வாக்கியங்களும் வானத்திலிருந்து விழவில்லை. காவல் நிலையத்தில் நாம் சொன்னது ஒன்றும் அவர்கள் எழுதியது வேறொன்றுமாக இருந்த அனுபவத்திலிருந்து, நம் இயக்கங்கள் போராடிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவை. ‘சமர்ப்பி’ என்ற பொத்தானும் ஒரு கையெழுத்துதான். அதை மட்டும் நமக்கு வாசித்துக் காட்டாமல் யாரோ அழுத்துவதை ஏன் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்?

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வைக் குறைபாடுள்ளவர்களும் டிஜிட்டல் கேஒய்சி முறையால் வெளியே தள்ளப்படுவதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். இந்த வாசலைத் திறந்து கொடுத்தவர்கள் மாற்றுத்திறனாளித் தோழர்கள். நாம் அவர்களோடு சேர்ந்து நின்று இதை இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும். நம் கோரிக்கைகள் எளிமையானவை.

ஒன்று: அரசு சேவை நடக்கும் ஒவ்வொரு மையத்திலும் விண்ணப்பிப்பவரை நோக்கி இன்னொரு திரை இருக்க வேண்டும். சமர்ப்பிக்கும் முன் முழுதும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். நகல் கையில் வர வேண்டும். நிராகரித்தால் என்ன தவறு, எப்படித் திருத்துவது என்பதும் தமிழில் எழுத்தில் வர வேண்டும்.

இரண்டு: எந்த மையத்திலும் சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. விண்ணப்பிப்பவரே தனியாகத் தொட்டுத் தேர்ந்தெடுக்கவோ, தாளில் எழுதி மூடிக் கொடுக்கவோ வழி வேண்டும்.

மூன்று: பள்ளியின் எமிஸ் பதிவில் ஏற்கெனவே இருக்கும் சாதி விவரத்தை மாணவரிடம் மறுபடி கேட்காதீர்கள். பிளஸ் டூ முடிக்கும்போதே பள்ளி வழியாகச் சான்றிதழ் சரிபார்த்துக் கொடுக்கப்பட வேண்டும்.

நான்கு: காகித மனுவுக்கும் சம மதிப்பு வேண்டும். வாங்கிய நாளில் முத்திரையோடு ரசீது. கடைசித் தேதி அந்த ரசீதின் தேதியாக இருக்கட்டும்.

ஐந்து: திருப்பூர் வட்டாரத்தில் மக்கள் ஷிப்ட் முடிந்து வருவது இரவு எட்டு மணிக்கு மேல், விடுமுறை ஞாயிறு. அந்த நேரத்தில் திறந்திருக்கும் அரசு உதவி மையம் வேண்டும். அதில் காலனிப் பெண்களையே பயிற்சியும் சம்பளமும் கொடுத்து அமர்த்த வேண்டும். இ-சேவை மைய உரிமங்கள் எந்தெந்தச் சமூகத்தவர் கையில் இருக்கின்றன என்ற கணக்கையும் அரசு வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு வெளியே வந்தாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.

தோழர்களே, இது கேட்டுப் பெற வேண்டியது. கிடைக்கும்வரை நாமும் கொஞ்சம் மாற வேண்டும். நம் படிப்பகங்களில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறோம், நல்லது. ஆனால் கடவுச்சொல்லை நம் நோட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் என் நோட்டைப் பிரித்து, அவரவர் பக்கத்தை அவரவரிடம் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு நிராகரிப்புக்கும் ஒரு தகவல் உரிமை மனுப் போடுங்கள். வன்கொடுமைப் புகார்களுக்கு இருக்கும் 14566 என்ற தேசிய உதவி எண்ணைப் படிப்பகச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். நாம் செய்யும் உதவி, அரசு செய்யத் தவறியதன் பதிவேடாகவும் இருக்கட்டும்.

அந்த அக்கா அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு படிப்பகத்துக்கு வந்தார். மடிக்கணினியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். மகள் தட்டினாள். சாதிப் பட்டியல் வந்தபோது பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்து அவளே பார்த்துச் சொடுக்கினாள், யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஞாயிறு என்பதால் ஓடிபி வந்தபோது போன் அக்காவின் மடியிலேயே இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னேன். கணவரின் பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று கண்டுபிடித்தவர் அக்காதான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். திருத்திய பிறகு மகள் பொத்தானை அழுத்தினாள். மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “இவ்வளவுதானா கண்ணு? இதுக்கா எம்புள்ளைக்கு ஒரு வருசம் போச்சு?”